கஸ்பார் நின்ற இடம்

ஜெனோவா தன் கணவனைக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிகிறாள் என்று பவளத்துறையில் கேலி பேசுவார்கள். கேலிதான், ஆனால் பொய்யில்லை. சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிதாக, சாம்பல் நிறத்தில் ஒரு வில்லை, கறுப்புக் கயிற்றில் கோத்து அவள் ரவிக்கைக்குள் கிடந்தது. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் கணக்கில் அந்த வில்லை எங்கே இருக்கிறதோ அங்கேதான் கஸ்பார் இருக்கிறான். அவள் குழாயடிக்குப் போனால் கஸ்பாரும் குழாயடிக்குப் போனான். அவள் பூசைக்குப் போனால் அவனும் போனான். நிஜமான கஸ்பாரோ அந்த நேரத்தில் கரை மறைந்துபோன ஆழ்கடலில் உப்பில் வெடித்த கைகளால் மடிவலை இழுத்துக்கொண்டிருப்பான்.

இரண்டு வருடமாக ஜெனோவா ரயில் நிலையத்துக்குப் போனதில்லை. நான்குவழிச் சாலையில் கால் வைத்ததில்லை. துறைமுகம், கலங்கரை விளக்கம், கிழக்கே உப்பளத்து நிலம் எதற்கும் போனதில்லை. அதெல்லாம் மத்திய அரசின் நிலம், டில்லி மண். அந்தக் கரையில் குழந்தைகள்கூட நிலத்தைச் சென்னை மண், டில்லி மண் என்று பிரித்துச் சொல்லப் பழகியிருந்தன. நொண்டி விளையாடும்போது ஒரு கட்டத்துக்குச் சென்னை என்றும் அடுத்ததற்கு டில்லி என்றும் பெயர் வைப்பார்கள். டில்லியில் கால் பட்டவன் வலிப்பு வந்தவன்போல் மணலில் விழுந்து துடிக்க வேண்டும். அதுதான் ஆட்டம்.

இதை முதலில் அவளுக்குச் சொல்லிப் புரியவைத்தது ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிமிழ் வைக்கும் நூர்ஜமிலாதான். கஸ்பாரின் தோள்பட்டை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், புளியங்கொட்டை அளவில் ஒரு சிமிழைப் பதிக்க இடம் குறித்துக்கொண்டே சொன்னாள்.

"இதுக்குள்ள கஞ்சாச் சாறு இருக்கு. வலிப்பு கிளம்புறதுக்கு முன்னாடியே நரம்பு காட்டிக் கொடுத்திரும். உடனே ஒரு துளி விடும். அவருக்கே தெரியாது."

"கஞ்சாவா?" என்றாள் ஜெனோவா. கஸ்பார் சிரித்தான். "எங்க அய்யா கேட்டா கல்லறையிலருந்து எந்திச்சு வந்து அடிப்பாரு."

"சென்னைக்காரங்க மருந்துன்னு சட்டம் போட்டிருக்காங்கம்மா. மலையில அவங்களே பயிர் பண்ணி, அவங்களே சாறு எடுத்து, இலவசமாத் தாராங்க. டில்லிக்காரங்க சட்டத்துல அது போதைப் பொருள். ரெண்டு சட்டமும் செல்லும்னு கோர்ட்டு சொல்லிட்டு."

"ரெண்டும் எப்படிச் செல்லும்?"

"மண்ணைப் பொறுத்து. சென்னை மண்ணுல நின்னா சிமிழ் திறக்கும். டில்லி மண்ணுல நின்னா பூட்டிக்கிடும். எங்க நிக்காருன்னு கோளைப் பார்த்துச் சிமிழுக்குச் சொல்லத்தான் இந்த வில்லை. இதையும் சேர்த்து உள்ள வச்சுத் தைக்கணும்னு டில்லிக்காரங்க கண்டிஷன்."

"அப்போ என் வலிப்புக்குப் பாஸ்போர்ட் வேணும்" என்றான் கஸ்பார்.

நூர்ஜமிலா சிரிக்கவில்லை. "நீங்க கடலுக்குப் போறவரா?"

கஸ்பார் தலையாட்டினான். கரையிலிருந்து பன்னிரண்டு மைல்வரை சென்னைத் தண்ணீர். அதற்கப்பால் டில்லித் தண்ணீர். கடல் சூடேறிப்போனதால் அந்தப் பன்னிரண்டு மைலுக்குள் இப்போது சொறி மீனைத் தவிர வேறு மீன்பாடு இல்லை. விசைப்படகுகள் எல்லாம் அப்பால் போய், நாள்கணக்கில் தங்கித்தான் மீன் பிடித்தன. கஸ்பார் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்துப் பார்த்தான். வலிப்பு வந்து ஐஸ் கட்டியோடு சேர்ந்து விழுந்து முன்பல் உடைந்ததோடு அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். டில்லி அனுமதித்த மாத்திரைகளைத் தின்று பார்த்தான். அவை வலிப்பை விட்டுவிட்டு அவனைத்தான் அடக்கின. பேசிக்கொண்டிருக்கும்போதே வாக்கியத்தின் பாதியில் நின்றுவிடுவான், மீதி எங்கே போயிற்று என்று தேடுபவனைப்போல.

"சாறை ஒரு சீசாவுல கொண்டு போனா என்ன?" என்று ஜெனோவா கேட்டிருக்கிறாள்.

அதற்குப் பதில் சொன்னவர் படகுக்காரர் மிக்கேல் சம்மாட்டி. "ரோந்துக்காரன் ஏறிப் பார்த்தான்னா அந்த ஒத்தச் சீசாவுக்கு என் படகே போயிரும் தாயி. உடம்புக்குள்ள இருந்தா ஒண்ணும் சொல்லமாட்டான். பூட்டிக் கிடக்குல்லா."

கடைசியில், சிமிழ் பதித்த அன்று, நூர்ஜமிலா கதவைச் சாத்திவிட்டு வந்து, வில்லையை உள்ளே வைக்காமல் ஜெனோவாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது கரையில இருக்கிறவரைக்கும் அவரு கரையில இருக்காரு. எவ்வளவு தூரத்துல இருந்தாலும் சிமிழுக்குக் கேக்கும். ஆனா ஒரே இடத்துல போட்டு வச்சா, கழற்றிட்டாங்கன்னு நினைச்சு அதுவே பூட்டிக்கிடும். அசையணும். மனுசங்க மாதிரி நடமாடணும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் குடுக்கலை. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சா எனக்குப் பத்து வருசம்."

அன்றிலிருந்து ஜெனோவா கணவனுக்காக நடந்தாள். காய்ச்சலில் கிடந்தபோதும் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றினாள். பேருந்து எந்தத் தெருவில் திரும்பும் என்று தெரியாமல் ஏறமாட்டாள். தெருமுனை மதுக்கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் ரொசாரி அவளைப் பார்க்கும்போதெல்லாம் கத்துவான்: "எளா ஜெனோவா! இதுவும் சென்னை மண்ணுதான், வந்து நில்லு! என் தண்ணிக்கு டில்லியும் சென்னையும் சேர்ந்து வரி வாங்குது. உன் மாப்பிள்ளை சாறுக்கு மட்டும் என்னளா சண்டை?"

குடிகாரன் பேச்சு என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். ஜெனோவாவுக்கு அந்த ஊரிலேயே தெளிவாகப் பேசுகிறவன் அவன்தான் என்று தோன்றும்.

பவளத்துறையில் இப்படி வில்லை சுமக்கிற பெண்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தால் தெரியும். அதைப் பற்றிப் பேசிக்கொள்ளமாட்டார்கள்.

அந்த வருடம் மாதா திருவிழாவும் ஜெனோவாவின் தங்கை ஜெசிந்தாவின் பயணமும் ஒரே நாளில் வந்தன. ஜெசிந்தா வயோதிகர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காக நார்வேக்குப் போகிறாள். தூத்துக்குடியில் ரயில் ஏறி, சென்னையில் விமானம். ஐந்து வருடம் திரும்ப முடியாது.

"போய்ட்டு வா" என்றான் கஸ்பார், தங்கல் மீன்பிடிக்குக் கிளம்பும் முன்பு. "ஒரு நாள் எங்க அக்கா கழுத்துல கிடக்கேன். சின்னப் பிள்ளையில என்னைத் தூக்கிச் சுமந்தவதானே."

கஸ்பாரின் அக்கா ஸ்டெல்லா அவர்களோடுதான் இருந்தாள். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் திரும்பி வந்தவள். தம்பியைத் தவிர அவளுக்குப் பூமியில் ஒட்டு என்று ஒன்றுமில்லை. திருவிழா அன்று காலையில் ஜெனோவா கயிற்றைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டாள்.

"மைனி, இன்னைக்குச் சப்பரம் தபாலாபீசுக்குள்ள போவும். நீங்க போவக்கூடாது. அது டில்லி மண்ணு."

"எனக்குத் தெரியாதாளா?"

"செபமாலை நீங்கதானே சொல்லுவீங்க, அதான்."

"இந்த வருசம் வேற எவளாவது சொல்லட்டும். நான் வீட்டைச் சுத்திச் சுத்தி வாரேன், செக்குமாடு கணக்கா. நீ நிம்மதியாப் போ."

தபாலாபீசுக்குச் சப்பரம் போவது பழைய வழக்கம். ஊர் ஆண்கள் பாதிப்பேர் கப்பலில் வேலைக்குப் போன காலத்தில், உயிரோடிருக்கிறான் என்ற செய்தியும் பணமும் அந்த ஒரு வாசல் வழியாகத்தான் வந்தன. அதனால் மாதா வருடத்துக்கு ஒருமுறை அந்த வளாகத்துக்குள் நுழைந்து வேப்பமரத்தடியில் நிற்பாள். செபமாலையும் பிரார்த்தனையும் முடிந்து, கப்பல்காரர் குடும்பங்கள் மெழுகுதிரி கொடுத்து முடிய நெடுநேரம் ஆகும். கப்பலுக்குப் போகிறவர்கள் இப்போது இல்லை. வழக்கம் இருந்தது.

தூத்துக்குடி ரயில் நிலையத்துப் படியில் கால் வைக்கும்போது ஜெனோவாவுக்கு உடம்பு சிலிர்த்தது. பழக்கத்தில் கை கழுத்துக்குப் போனது. ஒன்றுமில்லை. வெறும் கழுத்து.

"என்னக்கா, டில்லி மண்ணு சுடுதா?" என்றாள் ஜெசிந்தா. "நல்லா மிதி. நாங்கல்லாம் தினமும் மிதிக்கோம், ஒண்ணும் ஆகலை."

ஜெனோவா நடைமேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். திரும்பி வந்து இன்னொருமுறை நடந்தாள். கடலை மிட்டாய் வாங்கினாள். தண்ணீர்க் குழாயைத் திறந்து முகம் கழுவினாள். எந்தத் தெருவில் திரும்புகிறோம் என்று பார்க்காமல் நடப்பது எவ்வளவு பெரிய சுகம் என்பதை அவள் மறந்தே போயிருந்தாள். தன் கால்கள் தன்னை மட்டும் சுமக்கின்றன.

"அக்கா, நீ சிரிச்சுக்கிட்டு இருக்கே" என்றாள் தங்கை. "நான் போறேன்னா?"

"ச்சீ, போடி."

"இப்படியே நீயும் ஏறிரு. மச்சான் வந்து தேடட்டும்."

ரயில் நகர்ந்தபோது இருவரும் அழுதார்கள். வண்டி மறைந்த பிறகும் ஜெனோவா உடனே கிளம்பவில்லை. ஒரு டீ வாங்கி, சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, ஆறும்வரை ஊதி ஊதிக் குடித்தாள். அந்த டீ இனி அவளுக்கு வாழ்நாள் முழுக்கச் செரிக்கப் போவதில்லை.

பவளத்துறையில் பேருந்து நிற்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. வாத்தியக்காரர்கள் முன்னால் வர, சப்பரம் கோயிலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஜெனோவா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக நின்றாள். மாதா வழக்கம்போல் ஊர்ப் பெண்கள் போட்ட நகைகளுடன் வந்தாள். கடலில் ஆள் இருக்கும் வீடுகளில் திருவிழாவன்று ஒரு சங்கிலியாவது மாதா கழுத்தில் போட்டு எடுப்பார்கள். இரட்டை வடம், காசு மாலை, முத்துச் சரம். அவற்றின் நடுவில் ஒரு கறுப்புக் கயிறு.

விளக்கு வெளிச்சத்தில் சாம்பல் நிற வில்லை ஒருமுறை புரண்டது.

ஸ்டெல்லா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். வேர்த்திருந்தாள். முகம் முழுக்கச் சந்தோஷம்.

"வந்துட்டியாளா? சாமியார் ஆள் விட்டுட்டாரு, கேட்டியா. செபமாலை சொல்ல ஆளில்லை, நீ வரலைன்னா சப்பரம் நவுராதுன்னு. நான் இதைக் கழுத்துல போட்டுக்கிட்டு எப்படி டில்லி மண்ணுல போவ? அதான் மாதா கழுத்துல போட்டேன். அசையணும்னு சொன்னேல்லா, ஊரெல்லாம் அசைஞ்சு வந்திருக்கான் பாரு தம்பி!"

"மாதா எங்க எல்லாம் போனா மைனி?"

"எப்பவும் போற வழிதான். தபாலாபீசுல நல்ல கூட்டம். அப்படி ஒரு செபமாலை நான் சொன்னதே இல்லை."

ஜெனோவாவின் பார்வை அந்தக் கறுப்புக் கயிற்றிலேயே இருந்தது. ஸ்டெல்லா அவள் கண்ணைப் பார்த்தாள். சந்தோஷம் குறையாமலே, சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

"பயப்படாதளா. சட்டமெல்லாம் மனுசங்களுக்கு. மாதா நிக்கிற இடம் யாரு இடம்? மாதா இடம்லா. அவ கழுத்துல கிடக்கிறதை எவன் பூட்டுவான்?"

கோயில் படியில் மிக்கேல் சம்மாட்டி நின்றுகொண்டிருந்தார். துண்டு தோளில் இல்லை, கையில் இருந்தது. அதை முறுக்கிக்கொண்டிருந்தார். திருவிழா நாளில் அவர் ஒருபோதும் சப்பரத்தை விட்டு விலகி நின்றதில்லை. ஜெனோவா அவரை நோக்கி நடந்தாள். நடக்கும்போதே, இப்போது யாருக்காகவும் நடக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"படகுலருந்து பேசினாங்க தாயி" என்றார் சம்மாட்டி. "மடி ஏத்திக்கிட்டு இருக்கும்போது விழுந்திருக்கான். வலை இழுக்குற வின்ச்சுல தலை மோதியிருக்கு. எல்லாரும் அமுக்கிப் பிடிச்சிருக்காங்க. ஒண்ணு நின்னா அடுத்தது. எப்பவும் அப்படி வாரதில்லையே... இந்த ரெண்டு வருசத்துல ஒருக்கா வந்ததில்லையே தாயி."

"எத்தனை மணிக்கு?"

அவர் சொன்னார். ஜெனோவா ஸ்டெல்லாவிடம் அந்த நேரத்தில் செபமாலையின் எந்த இடத்தில் இருந்தீர்கள் என்று கேட்கவில்லை. ஒருபோதும் கேட்கப் போவதுமில்லை என்று தீர்மானித்துக்கொண்டாள். எனக்குத் தெரிந்தது என்னோடு போகட்டும். மைனிக்குக் கடல் கொண்டுபோன தம்பியாக இருக்கட்டும். இந்தக் கரையில் அது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே.

அடக்கம் முடிந்த மறுநாள் டில்லியின் போதைத் தடுப்புத் துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். பார்கவி என்று பெயர் சொன்னாள். மதுரைப் பக்கத்துப் பேச்சு. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, துக்க வீட்டில் தரையில்தான் உட்கார வேண்டும் என்பது தெரிந்தவளாகத் தரையிலேயே உட்கார்ந்தாள். அவளுடன் வந்த ஆள் வெளியே வண்டியிலேயே இருந்தான். சம்மாட்டி வாசலில் நின்றார். ஸ்டெல்லா உள்கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாவுச் செய்தி வந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"மன்னிச்சிருங்கம்மா, இந்த நேரத்துல வர வேண்டியதாப் போச்சு" என்றாள் பார்கவி. "சிமிழ் வச்சவங்க இறந்துட்டா, அந்த நேரத்தையும் இடத்தையும் சிமிழே எங்களுக்கு அனுப்பிடும். உங்க வீட்டுக்காரரைக் கடல்ல இருந்து கொண்டு வந்ததா ஊருக்குள்ள சொல்றாங்க. எங்க பதிவு அப்படிச் சொல்லலை."

"என்ன சொல்லுது?"

"இந்த ஊர்த் தபாலாபீஸ் வளாகத்துல இறந்திருக்காரு."

கதவு நிலையில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. ஜெனோவா திரும்பவில்லை.

"ரெண்டுல ஏதோ ஒண்ணுதான் உண்மையா இருக்க முடியும்" என்றாள் பார்கவி. அவள் குரலில் மிரட்டல் இல்லை. மிரட்டியிருந்தால் ஜெனோவாவுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். "கடல்ல இறந்தாருன்னா, வில்லை உடம்புல இல்லைன்னு அர்த்தம். யாரோ வெளியில எடுத்துக் கொடுத்திருக்காங்க. நான் அவங்களைப் பிடிக்கணும். அந்தச் சுகாதார நிலையத்துல சிமிழ் வச்ச அத்தனை பேரையும் கூப்பிட்டு உடம்பைத் திறந்து பார்க்கணும். அதுவரைக்கும் எல்லாச் சிமிழும் பூட்டித்தான் இருக்கும். அந்தப் படகையும் எடுத்துக்குவாங்க."

"தபாலாபீசுன்னா?"

"ஒண்ணுமில்லை. அவரு டில்லி மண்ணுல நின்னாரு, சிமிழ் சட்டப்படி பூட்டிக்கிச்சு, இறந்துட்டாரு. கேஸ் முடிஞ்சது." அவள் சற்று நிறுத்தினாள். "ஆனா கடல் சாவுக்குக் கிடைக்கிற உதவி கிடைக்காது. சென்னைக்காரங்களும் தரமாட்டாங்க, அவங்க மண்ணுல நடக்கலைன்னுடுவாங்க. எங்க மண்ணுல நடந்ததுக்கு நாங்க தர எந்த விதியும் இல்லை. அதையும் சொல்லிடணும்ல."

"அந்தச் சிமிழைச் செஞ்சவங்க யாரும் இதை யோசிக்கலையா?" என்றாள் ஜெனோவா. "டில்லி மண்ணுல நிக்கும்போது வலிப்பு வந்தா என்ன செய்யன்னு?"

பார்கவி தன் கைகளைப் பார்த்தாள். "யோசிச்சாங்கம்மா. நிக்காம வேகமாக் கடந்து போயிருவாங்கன்னு எழுதியிருக்காங்க."

வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடலில் இப்போதும் படகுகள் இருந்தன. அவற்றில் தோலுக்கடியில் சிமிழோடு மடி இழுப்பவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பெண்கள் இந்த நேரத்தில் குழாயடியிலும் மீன் ஏலத்திலும் ரேஷன் கடையிலும் அவர்களுக்காக நடந்துகொண்டிருப்பார்கள். நூர்ஜமிலா யாருக்கோ தையல் போட்டுக்கொண்டிருப்பாள். ஜெனோவா எல்லாரையும் ஒருமுறை மனதுக்குள் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் இவர்கள் அத்தனை பேரும் மாட்டிக்கொள்வார்கள். பொய்யைச் சொன்னால் தம்பி எதனால் செத்தான் என்பது கதவருகில் நிற்பவளுக்கு விளங்கிவிடும்.

"அங்கதான் நின்னான்."

சொன்னது ஸ்டெல்லா.

எல்லோரும் திரும்பினார்கள். பேசாமலே கிடந்த குரல் கரகரத்தது. நிலையைப் பிடித்திருந்த கையை எடுக்காமலே அவள் சொன்னாள்.

"நான் பார்த்தேன். செபமாலை சொன்னது நான்தான். வேப்பமரத்தடியில, மாதாவுக்கு ரொம்பப் பக்கத்துல நின்னான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கையில திரி பிடிச்சிருந்தான், காத்துக்கு அணையாம மறைச்சுக்கிட்டு. நான் முன்வாசகம் சொல்லச் சொல்ல அவன் பதில் சொன்னது எனக்குக் கேட்டுச்சு."

"மைனி..." என்றாள் ஜெனோவா.

"நீ சும்மா இருளா. நீ ஊர்ல இல்லை. உனக்குத் தெரியாது."

சம்மாட்டி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். பார்கவி மடியிலிருந்த கருவியில் எழுதிக்கொண்டே வந்தாள்; ஓரிடத்தில் அவள் விரல் நின்றது. நம்பினாளா, நம்புவதென்று முடிவு செய்தாளா என்பதை அவள் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

"அவ்வளவு கூட்டத்துல, விழும்போது யாரும் பிடிக்கலையா?" என்று மெதுவாகக் கேட்டாள். கேட்க வேண்டிய கேள்வி அது.

ஸ்டெல்லா தன் வலது கையை நிலையிலிருந்து எடுத்து, விரித்து, புதிதாகப் பார்ப்பவளைப்போல் பார்த்தாள்.

"பக்கத்துலதான் நின்னேன்" என்றாள். "கை எட்டலை."